நான் ஓட்டாத சிவப்புக் கார்

கல்லிடைக்குறிச்சி
11-9-1997, வியாழக்கிழமை

சிரஞ்சீவி ராகவனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும், இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இருக்கிற அளவுக்குச் சௌக்கியமாக இருக்கிறோம், அதாவது குளிக்கலாம், மூழ்க முடியாது. உன் சௌக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மூன்று நிமிஷம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கொலம்பஸில் மரத்து இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன என்று நீ சொன்னதை அம்மா பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது நான் எழுத உட்கார்ந்தது ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிப்பதற்காக. வருகிற திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி காலை, ராகு காலம் தொடங்குவதற்கு முன்பாக, என் மீசையை எடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இந்தத் தீர்மானத்துக்கு வர எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இந்த வீட்டை வாங்குவதற்கு மூன்று நாள்தான் யோசித்தேன், உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ள யோசிக்க எனக்கு நேரமே தரப்படவில்லை. ஆகவே இதுவரை நான் எடுத்த முடிவுகளில் இதுவே பெரியது என்று நீ வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மீசையே கிடையாதே என்று உனக்குத் தோன்றும். உன்னிடம் சொல்லவில்லை. பிப்ரவரி மாதத்திலிருந்து வளர்க்கிறேன். நரையாகத்தான் வந்தது, வக்கீல் பிச்சைக்கண்ணு அதற்குச் சாயம் போடச் சொன்னார், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு போட்டுவிடுகிறாள். நீ தொலைபேசியில் கூப்பிடுகிற சமயத்தில் பாதி நாள் என் மேலுதட்டில் சாயம் காய்ந்துகொண்டிருக்கும், அதனால்தான் நான் வாயைத் திறக்காமல் ம், ம் என்று பேசுவது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுத வேண்டும். பரவாயில்லை, எட்டு மாதமாக அதைப் பாடம் பண்ணிக்கொண்டிருப்பவன் நான், இப்போது அது உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். போகிப் பண்டிகையன்று பிற்பகல் மூன்று மணிக்கு உன் சிநேகிதன் ஹரீஷின் ஸ்போர்ட்ஸ் காரை, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சிவப்புக் காரை, வாங்கிக்கொண்டு பாபநாசம் அருவி பார்க்கத் தனியாகக் கிளம்பினாய். அம்பாசமுத்திரம் தாண்டி விக்கிரமசிங்கபுரம் போகிற சாலையில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிளைப் பின்னாலிருந்து இடித்தாய். மிதித்துக்கொண்டு போனவர் நூல் மில்லில் வேலை பார்க்கும் இசக்கியப்பன். கேரியரில் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி முப்பிடாதி. அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவர் பதினொரு நாள் கழித்துக் கண் விழித்தார், அப்போது நீ விமானம் ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது.

நீ டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டு, நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நாம் மூன்று பேரும் நின்ற அந்த நான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. பிச்சைக்கண்ணு சொன்னார், பையனுக்கு அமெரிக்கா விசா இருக்கு, வேலை இருக்கு, கேஸுன்னு வந்தா பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சிருவாவ, சார்வாளுக்கு என்ன இருக்கு, பென்ஷன்தான, வயசப் பாத்து அபராதத்தப் போட்டு அனுப்பிச்சிருவாவ என்று. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். 1971இல் எடுத்து, தபாலாபீசில் அடையாளம் காட்டுவதற்காக மட்டும் புதுப்பித்து வந்த என் லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே போய், காரை ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்திநாலு வருஷம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் பொய்யைத் தேடிப் பிடித்தவனுக்கு அதை எழுதும்போது ஓர் எழுத்துப் பிழைகூட வரவில்லை. ஆனால் உன்னைப் பார்த்த சாட்சி ஒருத்தி இருந்தாள், சாலையோரம் கொய்யாப்பழம் விற்கும் பாத்து என்பவள். காரிலிருந்து இறங்கியவர் மீசை வைத்த ஆள் என்று போலீசில் சொல்லியிருக்கிறாள். அதனால் பிச்சைக்கண்ணு, அவ கோர்ட்டுல வந்து ஒங்க மொகத்தப் பாத்தான்னா சோலி முடிஞ்சிது, ஒரு மீசையப் போட்டுருங்க சார்வாள் என்றார், ஏதோ பாயசத்தில் முந்திரி போடச் சொல்வது போல.

அதன் பிறகு ஊரில் என் மதிப்பு உயர்ந்துவிட்டது. சீறிப் பாய்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று ஒரு மாலைப் பத்திரிகை என்னைப் பற்றி எழுதியது. நாற்பது வருஷம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தவன் நான். இப்போது டீக்கடைப் பக்கம் போனால், வே, சார்வாள் வாராரு, ஒதுங்கி நில்லும்வே என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் பெஞ்சோடு ஒதுங்குகிறார்கள். நான் சிரிக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அந்தக் கார் இப்போது நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது, இதையும் உன்னிடம் சொல்லவில்லை. போலீஸ் அதை விடுவித்தபோது, உயிர் வாங்கின வண்டி என் கேட்டுக்குள் வரக் கூடாது என்று ஹரீஷின் அப்பா சொல்லிவிட்டார், ஓட்டியவன் வீட்டிலேயே நிற்கட்டும் என்று லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார், ஊரறிந்த ஓட்டியவன் நான்தானே. தென்னைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். மூடித் திறக்கிற அதன் முன் விளக்குகளில் வலது பக்கத்தது மூடியிருக்கிறது, இடது பக்கத்தது இடித்த வேகத்தில் திறந்தது, திறந்தபடியே நிற்கிறது. தார்ப்பாயை எப்படி இழுத்துக் கட்டினாலும் அந்த இடம் புடைத்துக்கொண்டு, உள்ளே யாரோ தலை தூக்கிப் பார்ப்பது போல இருக்கிறது. அம்மா கிணற்றடிக்குப் போவதற்கு இப்போது சுற்றிக்கொண்டு போகிறாள். நீ புதிதாக வாங்கியிருக்கும் காரோடு நின்று எடுத்து அனுப்பிய படம் வந்தது. அதுவும் சிவப்பு. அம்மா அதை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

கோர்ட்டில் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று பிச்சைக்கண்ணு என்னை வாரத்துக்கு ஒருமுறை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எந்த கியர், எத்தனை அடி தூரத்தில் சைக்கிள், புடவை என்ன நிறம். பச்சை என்பேன், போலீஸ் எழுதிய சாமான் பட்டியலில் பச்சைப் புடவையும் ஒரு துணிப்பையும் அதற்குள் பிரிக்காத புதுச் சட்டை ஒன்றும் இருக்கின்றன. சொல்லிச் சொல்லி எனக்கு அது நடந்துவிட்டது, ராகவா. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார முடியவில்லை. எதிரே ஒரு சைக்கிளின் பின்புறம் தெரிந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. ஓட்டாத காருக்கு நான் தினமும் பிரேக் போடுகிறேன், தினமும் அது பிடிக்கவில்லை. சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றால் அந்தச் சாயம் போட்ட மீசையோடு நிற்பவன் ஓட்டியவன் என்றே படுகிறது. இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இசக்கியப்பன் வந்திராவிட்டால்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். இடது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. அம்மா பயந்துபோய் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சார்வாள ஏசதுக்கு வரல என்றார். எனக்கு அன்னைக்குள்ளது ஒண்ணும் நெனப்பு இல்ல, காலம்பற பல்லு தேச்சது நெனப்பிருக்கு, பெறவு ஆஸ்பத்திரி ஃபேன் சுத்துதது நெனப்பிருக்கு, நடுவுல உள்ளது ஒங்ககிட்டதான இருக்கு, நீங்கதான பின்னால வந்தீய, அவ எப்படி உக்காந்திருந்தா, எங்கிட்ட ஏதும் பேசிக்கிட்டு வந்தாளா, அதச் சொல்லுங்க போதும் என்றார்.

என்ன சொல்வது. ஓட்டியவனாகக் கையெழுத்துப் போட்டவன் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது. இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்றேன். ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரி இருந்தது என்றேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள் என்று சேர்த்துவிட்டேன். இத்தனை வருஷம் புத்தகம் படித்த பழக்கம். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ பூ வைக்க மாட்டாளே சார்வாள், வச்சா தல இடிக்கும்பா என்றார். பிறகு அவரே, அன்னைக்கு வச்சிருக்கா என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும். காபி குடித்துவிட்டு அதையே கேட்பார், நான் அதையே சொல்வேன். இதற்கிடையில் அவர் அந்தப் பூவை யார் விற்றது என்று தேட ஆரம்பித்துவிட்டார். அவகிட்ட கடைசியாப் பேசுனது அந்தப் பூக்காரியாத்தான் இருக்கும், என்ன பேசுனான்னு கேக்கணும்லா என்கிறார். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று கடை, கோயில் வாசலில் நான்கு, மார்க்கெட்டில் விசாரித்தது போக விக்கிரமசிங்கபுரத்திலும் கேட்டுவிட்டார். போன சனிக்கிழமை வரை பதினொரு கடை. ஒவ்வொரு கடையிலும் பச்சைப் புடவை, போகிப் பண்டிகை, மதியம் என்று அடையாளம் சொல்கிறார். ஒருத்தி, நெனப்பு இருக்கத மாதிரி இருக்குய்யா என்று சொல்லியிருக்கிறாள், அதை நம்பி அவளிடம் மூன்று தடவை போயிருக்கிறார். இனி நம் ஊரிலும் கேட்கப் போவதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே அம்மா நம் வாசலுக்கு வரும் பூக்காரியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சுவாமிக்கு ஐந்து நாளாக வெறும் துளசிதான்.

இப்போது எனக்கும் அவள் தெரிகிறாள். முகம் தெரியாது, முதுகுதான். நான் வைத்த பூவோடு போய்க்கொண்டே இருக்கிறாள்.

வேப்பமரத்தடியில் நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், கேசட் மாற்றக் குனிந்தேன், நிமிர்ந்தேன், அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது என்று. நிமிர்ந்ததற்கும் சத்தத்துக்கும் நடுவில் ஏதாவது கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அது உலகத்திலேயே உன் ஒருவனிடம்தான் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் என் வீட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்கிறார். எட்டு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாய், கேஸ் எப்படிப் போகிறது என்று கேட்கிறாய், அவர் நடக்கிறாரா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பயத்தினால் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், வேறு காரணம் இருந்தால் எனக்குத் தெரிய வேண்டாம். நீ பார்த்ததை எழுது. எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், கை எங்கே இருந்தது, என்னவோ அது. ஒன்றும் பார்க்கவில்லை என்றால் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுது. அழகாக எழுத வேண்டாம், அதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கு விசாரணைக்கு வருகிறது. மழித்த முகத்தோடு போய், ஓட்டியது நான் இல்லை என்று சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதாவது உன்னால் என்னைத் தடுக்க முடியாது, அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் இன்று எழுதுகிறேன். பிச்சைக்கண்ணுவிடம் நேற்றுச் சொன்னேன், வேற வக்கீலப் பாத்துக்கிடுங்க சார்வாள், பைத்தியத்துக்கு நான் ஆஜராகதில்ல என்றார். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஏன்னா, நாம பெத்தது ரெண்டுதானே, அதுல ஒண்ணக் கொண்டுபோய் நிறுத்தணுமா என்று கேட்டதோடு சரி. வழக்கமாக அவள் எழுதும் கடைசி இரண்டு வரி இந்தக் கடிதத்தில் இராது. ஆனாலும் அப்பளம் ஒரு கட்டும் நார்த்தங்காயும் தனியாகப் பொதிந்து வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்ப. உன் தங்கை ஹம்ஸினிக்கு ஐந்தாம் மாதம், சென்னையில் வாந்தி மயக்கம் இல்லாமல் நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இதொன்றும் தெரியாது, நீயும் சொல்லாதே. குளிர் தொடங்குமுன் காதுக்குக் குல்லாய் வாங்கிக்கொள். கார் ஓட்டும்போது பாட்டு கேட்க வேண்டாம்.

எங்கிருந்தாலும் நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று ஆற்றங்கரை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றாகக் கிடைக்க நீயும் கொஞ்சம் உதவ வேண்டும். பதில் எழுதவும், தொலைபேசி வேண்டாம்.

உன் நன்மையையே நினைக்கும் அப்பா,
ஸ்வாமிநாதன்

பி.கு. திங்கள் மாலை. கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். காலை ஏழு மணிக்கு மீசையை எடுத்தேன். மாஜிஸ்திரேட் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் நான் ஓட்டவில்லை, என் மகன் என்று சொன்னேன். பாத்துவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் என்னைப் பார்த்துவிட்டு, இவுக இல்ல, இது வேற ஆளு என்றாள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என்மேல் தனி வழக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இசக்கியப்பன் பின் பெஞ்சில் இருந்தார். வெளியே வந்ததும், அப்ப பூ என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு உன் விலாசத்தைக் கேட்டார். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியும். தபாலாபீசில் ஒரு ஏரோகிராம் வாங்கிக் கொடுத்தேன். விலாசத்தை மட்டும் இங்கிலீஷில், ஜிப் கோடோடு, நான் எழுதினேன். அதுவும் இதுவும் ஒரே தபாலில் வருகின்றன.