ஏரியை நிமிர்த்தாதே

மலைகளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்த மகாராணியின் சமூகத்துக்கு,

மூக்குக்கண்ணாடிச் சாம்ராஜ்யத்தின் ஏக சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். சக்கரவர்த்தி என்றாலும் கடையை இன்னும் நானேதான் கூட்டுகிறேன். நீ திரியும் மலையில் போன் எடுப்பதில்லை, அதனால்தான் இந்த ஓலை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ நட்டுவிட்டுப் போன கொடி ஜன்னலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் படையெடுத்துவிட்டது. அவர்கள் இப்போது எங்களுக்குக் கப்பம் கட்டுவதாகக் கேள்வி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புத்தகத்தின் மாதிரிப் பிரதி அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது, ஆனால் திறந்தால் கடைக்குள் காற்றடிக்கிறது! பனிமூட்டப் படத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சளி பிடித்தது. அந்த உப்பளப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். தூரப் பார்வை சோதிக்க இனி எழுத்துப் பலகை வேண்டாம், உன் மலையே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். "கடைசி மலைக்குப் பின்னால என்ன தெரியுது?" என்று கேட்டால், "இன்னொரு மலை தெரியுது சார்" என்கிறார்கள். எனக்கே தெரியவில்லை, பொய் சொல்கிறார்களோ என்னவோ.

அச்சகக்காரர் லேசில் மயங்குகிற ஆள் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடித்து அடித்து மனசு மரத்துப்போனவர். உன் ஒற்றை மரம் நடு மடிப்புக்குள் விழுந்து பாதி காணாமல் போயிருந்தது. அவரே படத்தை ஒரு விரல்கடை நகர்த்தி மரத்தை வெளியே இழுத்துவிட்டார். "யாருங்க இந்தப் பொண்ணு? வெறும் மண்ணைப் போய் இப்படிப் பாத்திருக்கு!" என்றார். என் மருமகள் என்றேன். அந்த நிமிடத்தில் என் உயரம் கூரையை இடித்தது.

இனி கவனமாகப் படி. கையில் தேநீர் இருந்தால் கீழே வை.

போன வாரம் உன் அப்பா கடைக்கு வந்தார். கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டதாம், கட்டடப் பிளானில் அளவு தெரியவில்லையாம். அவருக்குப் பிளான் வரைந்துகொண்டிருந்த நீ, மேசையை விட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதிலிருந்து அந்த வீட்டில் உன் பேரே அடிபடுவதில்லை என்பது உனக்கே தெரியும். நான் என்ன செய்தேன்? பவர் பார்க்கும் அந்த இரும்பு ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டினேன். பொடி எழுத்து அட்டையைக் கொடுக்க வேண்டிய இடத்தில், நல்ல பிள்ளையாக உன் புத்தகத்தைக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பூசணிக்காய் அளவு இருந்தது. கடை பற்றி எரியப்போகிறது என்று கல்லாப்பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பையிலிருந்து, தளம் மட்டமா என்று பார்க்கும் அந்த ரசமட்டத்தை எடுத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன். முதலில் என் மேசை மேல் வைத்தார். அதன் குழாயில் குமிழி நடுவை விட்டு ஒதுங்கியதும், "உன் மேசையே கோணல்டா மச்சான்" என்று காலுக்கடியில் அட்டை சொருகினார். பிறகு புத்தகத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு படத்திலும் வானமும் பூமியும் தொடும் கோட்டில் ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் விடவில்லை. மூன்று பேர் கண் சோதிக்கக் காத்திருக்க, நான் புத்தகம் தாங்கும் சிலையாக நின்றேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் "ம்". அந்த "ம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கொத்தனார்கள் அதை வாங்கத் தவம் கிடப்பார்கள்.

ஏரிப் படத்தில் குமிழி நகர்ந்தது.

"ஏரி சாயுது. தண்ணி எங்கயாவது சாயுமாடா?" என்றார். உனக்காக வாதாட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் படத்தின் கீழ் ஓரத்துக்குக் குனிந்துவிட்டார். "புல்லு எப்படிச் சரியுது பாரு. கால் ஊன்ற இடமே இல்ல. ஒரு கால மேல, ஒரு கால கீழ வச்சு நின்னிருக்கா. அப்ப சாயத்தான் செய்யும்." அப்புறம் கேட்டார்: "தனியாவா போனா? வழுக்கியிருந்தா?"

புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், கண்ணு.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காமலே எழுந்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றித் தூக்குக்குண்டுக்கும் ரசமட்டத்துக்கும் நடுவில் பையில் வைத்தார். "அத்தான், அது ஒரு காப்பிதான். நிறம் ஒத்துப்பாக்க அச்சகத்துக்கு அது திரும்ப வேணும், இல்லாட்டி மிஷினை ஓட்ட மாட்டாங்க" என்று பின்னாலேயே ஓடினேன். "படம் எடுத்தவ வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் அம்மா சொல்கிறாள், புத்தகம் தினமும் கட்டட வேலைக்குப் போய்வருகிறதாம். கொத்தனார், தச்சர், சிமெண்ட் கடைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பொண்ணு எடுத்தது. இந்த ஏரி மட்டும் கோணல், பாத்தியா?" என்று காட்டுகிறாராம். பார்ப்பதற்கு முன் கை கழுவ வேண்டுமாம். சிமெண்ட் கையோடு தொட்டவருக்கு அரை நாள் திட்டு.

நான் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். தரவில்லை. அச்சகக்காரர் காகிதத்தை வாங்கி அடுக்கிவிட்டு என்னை முறைக்கிறார். ஆக, உலகமே எதிர்பார்க்கும் உன் புத்தகம் இப்போது உன் அப்பாவின் பையில் சிறைப்பட்டிருக்கிறது. படை திரட்டி மீட்கும் வயது எனக்கில்லை. நீதான் வர வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் அந்த ஏரியை நிமிர்த்திவிடலாம் என்று அச்சகக்காரர் சொல்கிறார். நிமிர்த்திவிடாதே. மற்ற பக்கங்களுக்கு உன் அப்பாவிடம் "ம்" மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

போகிற மேடெல்லாம் உன் காலுக்குக் கெட்டியாக இருக்கட்டும். பார்த்து வா, சீக்கிரம் வா.

மேசைக்கடியில் சொருகிய அட்டையை இன்னும் எடுக்காத,
உன் மாமன்