தையல் மெஷின் போன பிறகு

அன்புள்ள அம்மணி,

எனக்கு ஏடிஹெச்டி, கவனம் ஒரு இடத்தில் நிற்காது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, "என் மெஷின் சத்தம் உங்க வேலைக்கு இடைஞ்சலுங்க" என்று தையல் மெஷினோடு காரமடைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

உக்கடத்து ஒற்றை அறையில் இப்போது சத்தமே இல்லை. காலையில் லேப்டாப்பைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்கினேன். அதைப் பாதியில் விட்டு ஃபேனைத் துடைத்தேன். மீட்டிங்கில் என்னைக் கூப்பிட்டபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

போனில் தையல் மெஷின் சத்தத்தை ஓடவிட்டும் பார்த்தேன். நான் எழுந்து போனாலும் அது பாட்டுக்கு ஓடுகிறது. நீயென்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, எங்க கிளம்பிட்டீங்க?" என்பாய். நான் உட்கார்ந்துவிடுவேன்.

இரு, பால் தீய்கிறது.

அணைத்துவிட்டேன். மெஷினோடு வந்துவிடு. நான் எழுந்தால் மட்டும் சத்தத்தை நிறுத்து.

உன் வீட்டுக்காரன்