அந்த இடம் வந்தால் வாயை மூடுகிறவள்

திருவொற்றியூர்
14 மார்ச் 1953

அருள்நாதனுக்கு, தவசிமுத்து எழுதுவது.

நீ பயந்துவிட்டாய். போன மாதம் நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு உன் கார்டு வந்தது. "ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், பொறுமையாயிரு" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாய். பெங்களூர் வேதாகமக் கல்லூரியில் கையெழுத்துக்கும் பாடம் நடத்துகிறார்கள் போலிருக்கிறது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தீப்பெட்டி ஆலையில் என்னைக் குச்சிக்கு மருந்து தோய்க்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், சாப்பாட்டில்கூட கந்தக நாற்றம். மற்றபடி சுகம். இனி சிலுவையம்மாள் விஷயம்.

நம் சபையில் சாட்சி சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியும். பாவியாயிருந்தேன், இரட்சிக்கப்பட்டேன், ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார வேண்டும். காய்ச்சல் போனது, பையனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது என்றும் சேர்த்துக்கொள்ளலாம். நீதான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்து அதை மாற்றினாய். விசுவாசத்தில் எங்கே நிற்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள், வளராமல் நின்றுபோனதையும் சொல்லுங்கள், ஒருவரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள் என்றாய். பிறகு படிக்கப் போய்விட்டாய். அவள் உன்னை நம்பிவிட்டாள்.

போன மாதம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டதைப் பற்றி உன் கார்டில் ஒரு வார்த்தை இல்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன். "கர்த்தர் ஜெபத்துல, மத்தவங்கள மன்னிக்கிறோம்னு வர்ற எடத்துல எனுக்கு வாய் தொறக்கல, ஐயிரே. எம்புருசன் போனதுலேர்ந்து அந்த எடம் வந்தா மூடிக்கினு கீறேன். சாமிகிட்ட பொய் சொல்ல முடியல. எப்டி மன்னிக்கிறதுன்னு யார்னா சொல்லிக் குடுங்க" என்று போதகர் ஐயரைப் பார்த்துக் கேட்டாள். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கயிறு நைந்துபோயிருக்கிறது என்று அவள் புருஷன் சொன்னபோது, "பயந்தா பொடவ கட்டிக்கினு வூட்டுல குந்து" என்று சிரித்து அவனை மூட்டைக்கு அடியில் நிறுத்தி, கயிறு அறுந்து அவன் சாகக் காரணமான மேஸ்திரி வேதமாணிக்கம் முதல் பெஞ்சில் இருந்தார். நம் சபையின் மூப்பர்.

அவர்தான் கீர்த்தனை எடுத்தார். சாட்சி நீண்டால் பாட்டெடுத்து உட்காரவைப்பது நம் வழக்கம்தானே! போதகர் ஐயரும் சேர்ந்து பாடினார். எல்லாரும் பாடினார்கள். பாட்டு முடியும்வரை அவள் நின்றாள், யாராவது பதில் சொல்வார்கள் என்று. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பூமாரி நம் சபையைச் சேர்ந்தவள்கூட இல்லை. வாசலில் நின்று எல்லார் காதிலும் விழ, "பாட்டு பாடி பேய ஓட்டுவாங்கன்னு கேட்டுகீறேன். பொம்பளய ஓட்டி இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

இப்போது கமிட்டி கூடித் தீர்மானித்திருக்கிறது. மூப்பரை அவமானப்படுத்தியதற்காக அவள் சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரிய வியாழனன்று இராப்போஜனப் பந்தியில் அவளுக்கு இடமில்லை. நான் எழுந்து, பேசச் சொன்னவன் அருள்நாதன் என்றேன். "அப்படியானால் அவரே எழுதட்டும், யோசிக்கலாம்" என்றார் ஐயர். வேதமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டார். உனக்குக் குருப்பட்டம் கிடைக்கச் சிபாரிசு எழுத வேண்டியதும் இதே கமிட்டி என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உன் கார்டில் ஏன் இரண்டே வரி என்பதும் தெரியும்.

எழுது.

தவசிமுத்து


திருவொற்றியூர்
30 மார்ச் 1953

அருள்நாதா,

உன் பதில் வரவில்லை.

நேற்று குருத்தோலை ஞாயிறு. கர்த்தர் ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது பெண்கள் பக்கம் சத்தம் நின்றுபோனது. சத்தியமாக யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரியின் மனைவி தேவகிருபை அக்காளின் உதடும் அசையவில்லை. ஆண்கள் பக்கமும் தடுமாறி நிற்க, ஐயர் குரல் மட்டும் அதைத் தனியாகச் சொல்லி முடித்தது. ஆராதனை முடிந்ததும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இனி கிடையாது என்று அறிவித்துவிட்டார். வாசலில் வேதமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனுக்கு யாரடி மன்னிக்க முடியல?" என்று மனைவியைக் கேட்டார். அக்காள் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

இத்தனை காலம் ஒன்றாகப் பாடிய சபையில் யார் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதையா ஐக்கியம் என்று பிரசங்கித்தோம்?

சாயங்காலம் சிலுவையம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று என் வாயாலேயே சொன்னேன். "பொய்யா ஒண்ணு சொல்லிட்டு, அதே வாயில அப்பத்த எப்டி வாங்குறது, தம்பி?" என்றாள். பிறகு, "அருள்நாதன் தம்பி வந்து சொல்லும். அதுக்குத்தானே படிக்கப் போயிகீது" என்றாள். உன் கார்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் காட்டவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வருவாள். முழங்காலில் நிற்பாள். ஐயர் அவளைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுப்பார். பக்கத்தில் நான் இருப்பேன், ஆனால் அவளைப் பேசச் சொன்னவன் நானல்ல. பட்டம் அடுத்த வருஷம் கிடைக்கும், அல்லது கிடைக்காமலே போகும். அவள் நம் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்டாள். அவளுக்கு நீ பதில் சொல்லாவிட்டால் இனி எந்தப் பீடத்தில் நின்று யாருக்கு என்ன சொல்வாய்?

இது புதன்கிழமை காலை உன் கைக்கு வரும். கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும். வேறெதையும் உனக்காக வேண்டிக்கொள்ள என்னால் முடியவில்லை.

புதன் ராத்திரி மெயிலில் ஏறு. சென்ட்ரலில் நிற்கிறேன்.

தவசிமுத்து