‘நாங்க’ன்னா யார் யாரு, சம்பந்தி?

என் அருமை ஆரோக்கியம்,

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் முண்டியம்பாக்கம் வருவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடுகிறது. அரைத்தூக்கத்தில் நீ எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். மடியில் அட்டை கிழிந்த தத்துவப் புத்தகம், அதன்மேல் நீ உரித்துத் தின்ற மல்லாட்டைத் தோல். ஆலைக் கரும்பு வாசனையோடு உன் குரலும் ஜன்னல் வழியே வருகிறது. மயிலத்தில் விழித்துப் பார்த்தால் அந்த சீட்டில் யாரோ ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதற்கய்யா இத்தனை சீக்கிரம் போனாய்?

இருபது வருஷம் திண்டிவனத்தில் ஒரே அரிசி ஆலையில் வேலை. இதே ரயிலில் நீ படிக்க, நான் கேட்க. உன் மகள் ஸ்டெல்லா என் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஊர் பேசியதையெல்லாம் இங்கேதான் சிரித்துத் தீர்த்தோம். நம் போராட்டக் குழுவின் எந்தக் கூட்டத்தில் யார் ‘நாங்கள்’ என்று ஆரம்பித்தாலும் நீ கை தூக்குவாய்.

“நாங்கன்னா யார் யாரு?”

அதோடு கூட்டம் இழுத்துக்கொண்டே போகும், டீ ஆறிப்போகும். புக்கு படித்தால் ரோடு வருமா என்று உன்னைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது ரோடு வருகிறது, தெரியுமா? உன்னைக் கல்லறைக்கு ஊர்த்தெரு வழியாக எடுத்துப்போக விடாமல் மறித்தார்களே, முழங்கால் சேற்றில் வாய்க்கால் வழியே உன்னைச் சுமந்தோமே, அதற்காகத்தான் அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை. வாய்க்கால் ஓரமாகவே காலனிக்குத் தனிப்பாதை போடுகிறார்களாம், தாரும் விளக்குமாக. எனக்கு ரொம்பச் சந்தோஷம். போராட்டக் குழு சார்பில், ‘நாங்கள் அனைவரும் மனதார ஏற்கிறோம்’ என்று எழுதி ஸ்டெல்லாவிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன்.

அடித்து முடித்தவள், நான் கையெழுத்துப் போடப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“மாமா, நாங்கன்னா யார் யாரு?”

வெட்கமாகிப் போனது, ஆரோக்கியம். காலனியில், உன் தெருவில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. ஊர்த்தெருக்காரனாக இருந்தாலும் உனக்குச் சம்பந்தி ஆயிற்றே, அது போதும் என்று நினைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே உன் தெருவுக்குப் போய் உட்கார்ந்தேன். கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். களைத்துப்போயிருக்கிறார்கள், தப்பே இல்லை. உன் வீட்டம்மாதான் மெதுவாகச் சொன்னார்கள்.

“தாரு போட்டாலும் அது ஒதுக்குன வழிதானே, அண்ணே? அவர சேத்துல தூக்கிக்கினு போனத மூடி மறைக்கவா ரோடு?”

வாங்கிக்கொள்ளலாம் என்றவர்களே முதலில் தலையாட்டினார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கடிதத்தைக் கிழித்தோம்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜெயிப்போமா, தெரியாது. இந்தக் காலத்துப் போராட்டத்துக்குத் தத்துவம் எதற்கு என்று குழுவில் இன்னும் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட இருந்த கையை நிறுத்தியதே, வேறென்ன செய்ய வேண்டும் அது?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். உங்கள் கல்லறையும் எங்கள் சுடுகாடும் ஒரே பக்கம்தானே. என் பாடை ஊர்த்தெருவில் போனால் யாரும் மறிக்கமாட்டார்கள். அதனால் ஸ்டெல்லாவிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்: அந்தத் தெரு உன் தெருக்காரர்களுக்குத் திறக்காதவரை, என்னையும் வாய்க்கால் வழியாகத்தான் தூக்கிப்போக வேண்டும்.

உன் சம்பந்தி,
கோவிந்தன்