இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

செவ்வாய், இரவு.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு வண்டியெடுக்க விடமாட்டாள்.

தி. நகர் நெரிசலில் ஏசி போட்டு முதல் கியரிலேயே ஊர்ந்தால் எந்த வண்டிதான் மைலேஜ் தரும்? ஓனரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். போன வாரம் அவர் கேட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "லிட்டருக்குப் பதினாறு குடுக்கற வண்டி பன்னெண்டுதான் குடுக்குது. மீதி டீசல் எங்க போவுது பாய்?" ஆறு வருடமாக அவருடைய டாக்சியை ஓட்டும் என்னிடம் இந்தக் கேள்வி!

அன்றிலிருந்து பாலத்து இறக்கம் வந்தாலே இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுகிறேன். இன்று சைதாப்பேட்டைப் பாலத்திலும் அப்படித்தான். பின்சீட்டில் சவாரி வந்த அம்மா, "ஏசி ஏம்ப்பா நின்னுடுச்சு?" என்று கேட்கும்போதே முன்னால் போன ஸ்கூட்டர் சட்டென்று நின்றது. இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இருந்தது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடப் பைக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பங்கில் டேங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை டீசலால் ஓனர் வகுத்துப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "இன்னா பாய், பதினாறு குடுத்துகீது! தினம் இப்பிடியே ஓட்டு."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? நாளைக் காலை முதல் சவாரியே அந்தப் பாலத்து வழியாகத்தான்.

இதை எழுதும்போதும் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.