கோட்டைச் சுவருக்கு வெள்ளை

மாசி 11, திங்கள்
வெயில் காலையிலேயே சுள். வத்தல் காயப் போட்டாயிற்று. செங்கல் சூளைக்காரரின் டிராக்டர் மண் அள்ள மறுபடி வந்தது. ஊரைச் சுற்றிக் கரிசல். செம்மண் பழைய கோட்டைச் சுவரில்தான் இருக்கிறது. எந்தக் காலத்திலோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கட்டியது. மிச்சம் நிற்பது எங்கள் தெரு நீளம்தான். எல்லா வீட்டுக்கும் அதுதான் பின்சுவர். எங்கள் வீடு கடைசி. இன்னும் கொஞ்சம் அள்ளினால் அடுப்படி சரிந்துவிடும். இவரைக் கேட்டால் "பாப்போம்". பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பூத்தில் இருந்து தொல்லியல் ஆபீசுக்கு நானே போன் போட்டேன். என் மனு கிடைத்ததாம். வியாழன் ஆள் வருகிறார். பழைய சுவர் என்று எழுதிவிட்டால் யாரும் தொட முடியாது.

மாசி 13, புதன்
தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்தால், சுவர் பளிச்சென்று வெள்ளை. நடுநடுவே காவிப் பட்டை வேறு. விரிசலெல்லாம் பூசி அடைத்தாயிற்று. அதிகாரி வருகிறார் என்று தெருவே சேர்ந்து செய்த மரியாதை. முன்னின்றது என் மாமியார்.
"ஏட்டி, அவிய அம்புட்டு தூரத்துல இருந்து வாராவ. அழுக்குச் சுவத்தையா காட்டுறது?"
அழுகையே வந்துவிட்டது.

மாசி 14, வியாழன்
அதிகாரி வந்தார். "புதுச் சுவர் மாதிரி இருக்கேம்மா." சுரண்டிக் காட்டுகிறேன் என்றேன். நேரமில்லையாம். அத்தை கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மாசி 15, வெள்ளி
டிராக்டர். புது டிரைவர், கழுகுமலைக்காரர். கடப்பாரையோடு இறங்கியவர் காவிப் பட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
"கோயில் சுவத்துல கை வைக்க மாட்டேன், அண்ணாச்சி."
சூளைக்காரர் கத்திப் பார்த்தார். நடக்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பியது. அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சிரிப்பு நிற்கவே இல்லை.

மாசி 17, ஞாயிறு
காற்று இல்லை. புழுக்கம். சுவரடியில் யாரோ சூடம் கொளுத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மதினி மாலையே சாத்திவிட்டாள். இன்று எனக்குத் தூரம். அடுப்படி வாசலிலேயே அத்தை மறித்துவிட்டார்.
"சாமி சுவருல்லா அது. மூணு நாள் உள்ள வராத."
இந்த வீட்டில் இதுவரை இல்லாத வழக்கம். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மனு எழுதி அலைந்தவள் நான். வெளியே நிற்பவளும் நான்.
அத்தை சுவருக்கு விளக்கேற்றப் போயிருக்கிறார். உள்ளே இவர் சோறு வடிக்கிறார். கையைச் சுட்டுக்கொண்டார் போல; என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நான் எழுந்திருக்கவில்லை.