எங்கள் மல்லிகை கணினியில் பூத்ததல்ல

அனுப்புநர்
வீ. மொக்கைச்சாமி,
கிழக்குத் தோட்டம்,
சாணார்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்,
சாணார்பட்டி வட்டாரம்.

பொருள்: என் அக்காள் தோட்டத்து மல்லிகை மண்ணில் விளைந்ததே என்று பூச்சந்தையில் நேரில் வந்து சொல்லக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்புவரை பயின்றவன். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் அமையவில்லை. இருப்பினும் மரபணு பற்றி இந்த வட்டாரத்தில் என்னிடம்தான் கேட்பார்கள்.

1. என் அக்காள் கண்ணம்மாளின் மகள் தமிழ்மதி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். மல்லிகைச் செடிக்குள் மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் சுவிட்சுகள் போல இருக்கின்றன. ஒன்று எரிந்தால் இன்னொன்று அணையும். அது அணைந்தால் வேறு இரண்டு எரியும். மார்கழிப் பனியில் செடி மொட்டு வைக்காமல் அடம்பிடிக்க எந்தச் சுவிட்சு காரணம் என்று கணினியில் மாதிரி அமைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். பார்ப்பதோடு சரி. செடியில் கை வைப்பது பூப்பறிக்க மட்டுமே.

2. இந்தப் பெருமையைத் திண்டுக்கல் பூச்சந்தையில் நாலு பேர் அறிய எடுத்துரைத்தேன். கேட்பவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று, "எங்க புள்ள பட்டனைத் தட்டுனா பொட்டிக்குள்ள மல்லிகை பூக்கும்" என்று சற்று எளிமைப்படுத்தினேன். வெளிநாட்டு விஞ்ஞானிகள் எங்கள் வாசலில் வரிசையில் நிற்பதாகவும் சொன்னேன். அது எப்படியும் நடக்கப்போவதுதான்.

3. மறுநாள், எங்களிடம் வழக்கமாக வாங்கும் வியாபாரி காத்தமுத்து பூப்பையைத் தொடவே இல்லை. "ஏப்பா மொக்கை, இது கம்ப்யூட்டர் பூவாம்ல? அம்மனுக்கு மாலை கட்டுற பூவுல இந்த வெளையாட்டெல்லாம் ஆகாதுப்பு" என்றார். பக்கத்துக் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "ஆமாய்யா, கரண்டு வாடை அடிக்குது" என்று சாட்சியும் சொன்னார். ஐயா, அது நான் வந்த டவுன் பஸ்ஸின் டீசல் வாடை.

4. அன்றிலிருந்து எங்கள் பூவைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. அக்காள், "பூ வித்தாத்தான் பொட்டியத் தொறக்கணும்" என்று கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆய்வு முடிவை இம்மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் காட்டாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகும். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. விடியுமுன் எங்களோடு வந்து பூப்பறிக்கிறாள். அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகவே, தாங்கள் ஒரு நாள் காலை பூச்சந்தைக்கு எழுந்தருளி, எங்கள் பூவைக் கையில் எடுத்து, இது சாதாரண மல்லிகைதான், அந்தப் பெண் செய்வது கணக்குத்தான் என்று காத்தமுத்து காதில் விழும்படி கூற வேண்டுகிறேன். அப்போது நான் வாயே திறக்கக் கூடாது என்று தமிழ்மதி சத்தியம் கேட்டாள், செய்துகொடுத்துவிட்டேன். எனவே என் பங்கையும் சேர்த்துத் தாங்களே சற்று விரிவாகப் பேசிவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாணார்பட்டி
நாள்: 14.03.2025

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
வீ. மொக்கைச்சாமி
(ஒப்பம்)